எட்டரை அடிச் சுவர்

ஏப்ரல் 16, 2012, திங்கள்

காலை ஏழரைக்குத் திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். சற்குணபுரம் வந்து சேர்வதற்குள் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்துவிட்டது. ரூபாவுக்காக வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. ரயில் அலுப்புதான். "இனி அவங்களுக்கு எங்க இருக்கப் பிரியமோ அங்க கூட்டிட்டுப் போங்க சார்" என்றார் மெட்ராஸ் டாக்டர். மருந்து எழுதச் சோம்பல்படும் டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

அவள் பிரியப்பட்டது இந்த ஊருக்கு. அவள் பிறந்த வீடு, வீட்டுக்குப் பின்னால் அந்தக் கோயில்.

நான் பொதுப்பணித்துறையில் முப்பத்துநாலு வருஷம் எஞ்சினியராக இருந்தவன். அசிங்கமான கட்டடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இரண்டொன்றைக் கட்டியும் இருக்கிறேன். ஆனால் என் மனைவியின் குடும்பம் பெருமையடித்துக்கொள்ளும் இந்த வீட்டுக் கோயிலுக்கு ஈடு எதுவும் இல்லை. விக்டோரியா ராணியின் பொன்விழா வருஷத்தில், 1887இல், ரூபாவின் பூட்டனார் சற்குணம் கட்டியது. அவர் நிலாவரை இலையைக் கப்பலேற்றி விற்றவர். அதாவது இங்கிலாந்துக்காரனுக்குப் பேதி மருந்து கொடுத்துப் பெரிய மனிதரானவர். அந்த நன்றிக்கு அவன் நாட்டு சர்ச் ஒன்றை ஏதோ புத்தகத்தில் படம் பார்த்து இந்தச் செம்மணல் தேரிக்காட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஊருக்கும் தன் பெயரையே வைத்தார். அடக்கம் என்பது இந்தக் குடும்பத்தில் செத்த பிறகுதான். அதற்கும் கோயிலுக்குள்ளேயே கல்லறை அறை கட்டிக்கொண்டார்.

வாசலில் ரூபாவின் அண்ணன் வெஸ்லி மச்சான் நின்றிருந்தார். "வாரும் மாப்பிள்ளை, வாரும். கோயிலுக்கு நூத்தி இருபத்தஞ்சு நிறையுதுல்லா. மே இருபதாம் தேதி ஸ்தோத்திர ஆராதனை. பிஷப் வாராரு, முந்நூறு பேரு கூடுவாவ. கட்டடம் உறுதியா இருக்குன்னு எஞ்சினியரு கையெழுத்து இல்லாம கூட்டம் சேர்க்கக்கூடாதாம். நமக்குத்தான் வீட்டுலயே எஞ்சினியரு இருக்காரே!"

தங்கச்சி காரிலிருந்து இறங்குவதற்குள் இத்தனையும் சொல்லி முடித்துவிட்டார்.

ஏப்ரல் 17, செவ்வாய்

அளவெடுப்பு ஆரம்பம். டேப்பின் மறு நுனியைப் பிடிக்க பூல்பாண்டி என்கிற கொத்தனார். இந்தக் கோயிலுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறவர். அதிகம் பேசாத ஆள், அது ஒன்றே இன்றைக்குக் கிடைத்த ஆறுதல்.

கூரை அறுபது பாகைச் சரிவு. பனிக்கட்டி விழுந்தால் தங்காமல் வழுக்கி இறங்குவதற்காக. திருநெல்வேலிச் சீமையில்! பாதிரியார் அங்கி மாற்றும் அறையில் குளிர்காய ஓர் அடுப்பு, அதற்குப் புகைபோக்கி வேறு. இப்போது அதற்குள் துடைப்பமும் பினாயில் பாட்டிலும் இருக்கின்றன. நூற்றிருபத்தைந்து வருஷத்தில் அந்த அடுப்புக்குக் கிடைத்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். கூரை மூலைகளில் மழைநீரைத் துப்புவதற்கு நாலு கல் பூதங்கள். செதுக்கியவன் பூதத்தைக் கண்டவனில்லை. நாலும் பல்வலி வந்த கிடா மாதிரி இருக்கின்றன. துப்புவதற்கு மழையும் இல்லை.

மேற்கே பெரிய வண்ணக்கண்ணாடி ஜன்னல், கிளாஸ்கோவிலிருந்து வந்ததாம். சாயங்கால ஆராதனையில் பிரசங்கியார் முகத்தில் நேராக வெயில் அடிக்கும். பரலோகத்தைப் பற்றிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பேசியாக வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கேவலம், கட்டடம் நேராகவே இல்லை. வெளியே கூரையின் கூர்முனை ஓரிடத்தில், உள்ளே பலிபீடம் அதிலிருந்து மூன்றடி தள்ளி. இதை என் கல்யாணத்தன்றே கவனித்தேன். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்து நின்றதாக ரூபா இன்றும் சொல்லிக் காட்டுவாள். காரணம் எளிது. தென்சுவர் இரண்டரை அடி கனம், வடசுவர் எட்டரை அடி. வடக்கே ஓடை இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்த ஏதோ ஒரு முட்டாள் கொத்தன் கல்லும் சுண்ணாம்புமாகக் கொட்டி நிரப்பியிருக்கிறான். உள்பக்கம் அந்தச் சுவரில் வரிசையாக ஆறு கூர்வளைவுகள், பூசி அடைத்து ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனம் எழுதியிருக்கிறது. கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, வளைவு போல வெறும் வேஷம். கட்டடம் பொய் சொல்லக்கூடாது என்று நான் ஜூனியர்களுக்கு எப்போதும் சொல்வதுண்டு.

ஏப்ரல் 18, புதன்

ரூபா காலையில் ஒன்றரை இட்லி. மதியம் கஞ்சி, அதில் பாதி. இரண்டே நாளில் அவள் பேச்சு ஊர்ப் பேச்சாகிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் "சொல்றேன்" என்றவள் இப்போது "சொல்லுதேன்" என்கிறாள்.

ஏப்ரல் 20, வெள்ளி

இன்று கல்லறை அறை. பலிபீடத்துக்குப் பின்னால் இரும்புக் கிராதியைத் திறந்தால் ஏழு படி கீழே இறங்க வேண்டும். பதினாலடிக்குப் பன்னிரண்டடி அறை. எதிர்ச்சுவரில் மூன்று வரிசையாகப் பன்னிரண்டு மாடங்கள். ஒவ்வொன்றும் ஏழடி ஆழம், இரண்டரை அடி அகலம். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு முகப்பைக் கல்பலகையால் மூடிவிடுவார்கள், தபால் ஆபீஸ் பெட்டிகள் மாதிரி. பதினொன்று மூடியாயிற்று. சற்குணம், அவர் மகன்கள், பேரன்கள், அவரவர் மனைவிமார். ரூபாவின் அப்பாவும் அம்மாவும் நடுவரிசையில். காற்றுப்போக்கிகள் எல்லாம் அடைத்துக் கிடக்கின்றன, தரையில் ஈரம். இறந்த பிறகும் இவர்களுக்குக் கட்டடப் பராமரிப்பு தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் ரூபா சாதாரணமாகக் கேட்டாள். "அண்ணே, எனக்கு அங்கன ஒரு எடம் வேணும்."

மச்சான் கறியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன பேச்சு இது? சுகமாகிப் போவ."

"ஆவேன், ஆவமாட்டேன், அத விடுங்க. அம்மை பக்கத்துல எடம் காலியாத்தான கெடக்கு."

"அது எனக்கும்மா. அதோட, கட்டிக்குடுத்த பிள்ள புருசன் வீட்டுக் கல்லறைக்குத்தான் போவணும். கோயிலக் கட்டுன பெரிய ஐயா போட்ட சட்டம். நம்ம அத்தைமாரு ஒருத்தியாவது இங்கன இருக்காளா, பாத்தியா? சட்டத்த நான் மாத்த முடியுமா?"

அவர் மனைவி மேபல் அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "எடம் ஒன்னுதான்னா, அப்ப எனக்கு?" என்றார். மச்சான் அப்பளம் கேட்டார்.

நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். இப்படி ஓர் ஆசை இருப்பதை அவள் என்னிடம் முன்னால் சொல்லவே இல்லை. மெட்ராஸ் கல்லறைத் தோட்டத்தில் 1998லேயே எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் இடம் எழுதி வாங்கியிருக்கிறேன். வேப்பமர நிழலில், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, மண்ணைக்கூடச் சோதித்து. அந்தத் தாளில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 21, சனி

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அந்தக் கோணல் கட்டடத்தில் அப்படி என்ன இருக்கு உனக்கு? நான் வாங்கி வச்ச இடத்துக்கு என்ன குறை?"

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குறை ஒன்னுமில்ல. வைகை அணைல ஆரம்பிச்சு உங்க கூடப் பதினேழு வீடு மாறியாச்சு. ஒவ்வொரு தடவயும் பாத்திரத்த வைக்கோல்ல சுத்தி, மெத்தயச் சுருட்டி, நட்ட முருங்கைய அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன். ஒரு எடத்துலயாவது முருங்கக்கா பறிச்சேனா? நீங்க ஒரு தடவகூட, வாரியான்னு கேக்கல. ஆர்டர் வந்துட்டு, கட்டுன்னு சொன்னீய. இனி ஒரு ஊருக்கும் நான் மூட்ட கட்ட மாட்டேங்க. கடைசியா நான் பிறந்த எடத்துலயே இருந்துக்கிடுதேன்."

அரசாங்க உத்தியோகம் என்றால் மாறுதல் இருக்கத்தான் செய்யும். இதை முப்பத்தெட்டு வருஷம் கழித்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னேன். அவள் தூங்கிவிட்டாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு அவமானமாக இருக்கிறது. அதை வேறு வார்த்தையில் எழுத வரவில்லை. பல்வலி ஆட்டுக்கிடா துப்பும் கட்டடத்தில் ஈரத் தரைக்குப் போகிறாளாம், என் பக்கத்தில் இருக்க மாட்டாளாம்.

ஏப்ரல் 24, செவ்வாய்

வடசுவரைச் சோதித்தேன். எட்டரை அடியும் கல் நிரப்பு என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால் தட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. சுத்தியலின் பிடியால் மூன்றாவது வளைவைத் தட்டினேன். சத்தம் சரியில்லை. வளைவுகளுக்கு இடையிலுள்ள சுவரைத் தட்டினால் கெட்டி, வளைவுக்குள் தட்டினால் பானை. ஆறு வளைவும் அப்படியே.

முதல் வளைவில், வசனத்துக்குக் கீழே ஓரத்தில் பூல்பாண்டி பூச்சைச் சுரண்டி ஒரு செங்கல்லை எடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெறுமை. பூசி முடித்த சுத்தமான மாடம். கம்பியை விட்டு அளந்தேன், ஏழடி. அகலம் இரண்டரை. கீழே கல்லறை அறையில் இருக்கும் மாடங்களின் அதே அளவு, ஒரு அங்குலம்கூட வித்தியாசமில்லை. மேலே வளைவின் கல்லில் பூச்சு உதிர்ந்த இடத்தில் எழுத்து தெரிந்தது. பூல்பாண்டி ஈரத்துணியால் துடைத்தார். செதுக்கிய தமிழ் எழுத்து. "அன்னபாக்கியம், சற்குணத்தின் குமாரத்தி."

"ஐயா, இது பெரிய ஐயாவோட மக பேருல்லா?" என்றார் பூல்பாண்டி. "பக்கத்து நாசரேத்துல கட்டிக்குடுத்தாவன்னு சொல்லுவாவ. பெரிய ஐயாவுக்கு ஆறு பொம்பளப் பிள்ளய."

ஆறு மகள். ஆறு வளைவு.

முட்டாள் கொத்தன் யாரும் கொட்டி நிரப்பவில்லை. மகள்களுக்கு இடம் வைப்பதற்காக அந்த மனிதர் கட்டடத்தையே மூன்றடி கோணலாக்கியிருக்கிறார். அளந்து பார்க்காமலேயே நான் முப்பத்தெட்டு வருஷம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கனமான சுவரைக் கண்டால் உள்ளே என்ன என்று முதலில் கேட்க வேண்டும். முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்த விஷயம் அது.

செங்கல்லைத் திரும்ப வைக்கச் சொன்னேன். பூச்சு மேல் வெள்ளையடிக்கவும் சொன்னேன். யாரிடமும் வாய் திறக்கக்கூடாது, இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்றேன். பூல்பாண்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிங்கய்யா" என்றார்.

ஆராய வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடக்கூடாது.

ஏப்ரல் 25, புதன்

அறிக்கையின் முதல் படி எழுதியாயிற்று. "வடசுவர்: திண்மையான கல் நிரப்பு. உட்புற வளைவுகள் அலங்காரத்துக்கு மட்டுமே. மேலும் சோதனை தேவையில்லை."

ஏப்ரல் 28, சனி

மச்சான் விழா ஏற்பாட்டில் தலைகால் புரியாமல் இருக்கிறார். கல் பூதங்களுக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டார். அடியுங்கள், கூடவே ஒரு மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிடுங்கள் என்றேன். யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். பலிபீடத்துக்கு பிளாஸ்டிக் பூ வந்திருக்கிறது. அழைப்பிதழில் அவர் பெயர் நாலு இடத்தில், கர்த்தருடைய பெயர் மூன்று இடத்தில்.

சாத்தான்குளம் போய் ரூபாவுக்கு மெத்தென்ற செருப்பு வாங்கி வந்தேன். கால் வீங்கியிருக்கிறது, பழைய செருப்பு நுழையவில்லை. புதியதும் நுழையவில்லை. மகன் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டான். எப்போது வர வேண்டும் என்று கேட்டான். எதற்கு வர வேண்டும், அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்றேன். ரூபா போனை வாங்கி, "அடுத்த வாரம் வா, ராசா" என்றாள்.

மே 1, செவ்வாய்

மத்தியானம் ரூபா கூப்பிட்டாள். "என்னங்க, இங்க உக்காருங்க. நான் யோசிச்சுப் பாத்தேன். மெட்ராசுக்கே வாரேன். உங்க எடத்துலயே வச்சிருங்க."

"ஏன்? திடீர்னு என்ன?"

"திடீர்னு ஒன்னுமில்ல. உங்களுக்கு அவ்வளவு பிரியம்னா இருக்கட்டும்."

நல்லது. இதைத்தானே நான் விரும்பினேன். சந்தோஷமாக இருக்கிறது. மெட்ராசுக்கு ஆம்புலன்ஸில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று விசாரித்து வைத்தேன். சாப்பாட்டில் கத்திரிக்காய்ப் புளிக்கறி. ருசியே இல்லை. மேபல் அக்காவுக்கு உப்பு போடத் தெரியாது.

மே 2, புதன்

பகல் முழுதும் தூங்கினாள். உள்ளூர் டாக்டர் வந்தார். வெளியே கூட்டிப் போய், "தூரப் பயணம் வேண்டாம்" என்றார். தூரப் பயணம் வேண்டாம் என்றால் எத்தனை நாளைக்கு வேண்டாம் என்று கேட்டேன். அவர் ஸ்டெத்தை மடித்துப் பையில் வைத்தார். இவரும் மருந்து எழுதச் சோம்பல்படுகிறவர்தான்.

மே 4, வெள்ளி

முப்பத்துநாலு வருஷத்தில் பொய் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு மந்திரியின் மைத்துனர் கட்டிய பாலத்துக்குக் கையெழுத்து மறுத்ததால்தான் பதினொன்றாவது மாறுதல், ராமநாதபுரத்துக்கு. அன்றைக்கும் மூட்டை கட்டியவள் அவள்தான். என் நேர்மைக்கு அவள் பாத்திரம் சுற்றினாள். இப்போது அவளை என் பக்கத்தில் படுக்க வைப்பதற்காக முதல் பொய்யை எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். கேவலமாக இருக்கிறது. இந்த நோட்டில் இத்தனை நாள் யார் யாரையோ கேவலமென்று எழுதினேன்.

அறிக்கையைக் கிழித்துவிட்டு மச்சானைத் தேடிப் போனேன். பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மச்சான், வடசுவரைத் திறக்கணும். நாளைக்கே."

"என்னவே சொல்லுதீரு? விழாவுக்குப் பதினாறு நாளு இருக்கு!"

"அந்த ஆறு வளைவும் கல்லறை மாடம். பெரிய ஐயா தன் மகள்களுக்காகக் கட்டினது. ஒரு கல்லில் பேரைப் பார்த்தேன்."

"பாத்தீரா? எப்ப?"

"அதை விடுங்க. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இடமில்லைன்னு அவர் சட்டம் போடலை. அவருக்குப் பின்னால் வந்த யாரோ பூசி மறைச்சிருக்காங்க. ரூபாவுக்கு அங்கே இடம் இருக்கு."

மச்சானுக்கு முகம் கறுத்தது. "எங்க குடும்பக் கோயில ஒடைக்க நீரு யாரு?"

"யாருமில்லை. கையெழுத்துப் போட வேண்டியவன். திறக்காவிட்டால் போட மாட்டேன். பிஷப்பும் வர மாட்டார், முந்நூறு பேரும் வர மாட்டாங்க."

"மிரட்டுதீராவே?"

"ஆமா" என்றேன். நிம்மதியாக இருந்தது.

மே 5, சனி

காலை எட்டு மணிக்குப் பூல்பாண்டி உளி வைத்தார். முதலில் மேல் கற்களிலிருந்த பூச்சை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு பெயராக வெளியே வந்தது. அன்னபாக்கியம். ஞானப்பூ. சவுந்தரம். லேயாள். தாயம்மாள். கடைசி மகள் சுகிர்தம். பிறகு வளைவுகளைத் திறந்தோம். ஆறும் காலி. அப்பா அவர்களுக்காகச் சுவரை எட்டரை அடி கட்டினார், ஒருத்தியும் வந்து சேரவில்லை.

மச்சான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எங்க தாத்தா காலத்துலதான் அதுல வசனம் எழுதினாவன்னு அப்பா சொல்லுவாவ" என்றார் கடைசியில். "அவரு கூடப் பிறந்தவியதான் ஆறு பேரும்." கூடப் பிறந்தவளின் பெயரைச் சுண்ணாம்பால் மூடி அதன்மேல் வேதவசனம் எழுதிய மனிதரைப் பற்றி நான் இங்கே எழுத ஒன்றும் இல்லை. மச்சானும் அதற்கு மேல் அவருக்காகப் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாயம்மா மாடத்துல எந்தங்கச்சிய வையும் மாப்பிள்ளை. அங்கனருந்து அம்மை இருக்க எடம் பக்கம்" என்றார். மேபல் அக்கா ஆறு மாடத்தையும் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு எடத்துக்குப் பஞ்சமில்ல" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு ரூபாவிடம் போனேன். முழித்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்களை வரிசையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எப்ப கண்டுபிடிச்சீய?"

"இன்னைக்குத்தான் உடைச்சோம்."

"ஒடைச்சதக் கேக்கல."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"பூல்பாண்டி அன்னைக்கே வந்து சொல்லிட்டான். ஐயா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ, நீங்க கேட்டதாக் காட்டிக்கிடாதீயன்னான். பதினோரு நாளாச்சு. நீங்க எழுதி வச்ச ரிப்போர்ட்டையும் பாத்தேன். தேவையில்லன்னு எழுதியிருந்தீயள்லா."

"தெரிஞ்சா எதுக்கு மெட்ராசுக்கு வர்றேன்னு சொன்னே?"

அவள் என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கையில் காரைத் தூசி. "உங்க நேர்மைக்காக நான் ஊரு ஊரா அலைஞ்சிருக்கேன். எனக்காக நீங்க ஒரு பொய் எழுதினது இதான் மொதத் தடவ. அதுக்காகவே வந்திருப்பேங்க."

அப்புறம், "நல்ல வேள, கிழிச்சிட்டீய" என்றாள். சிரித்தாள். நான் அவள் முன்னால் அழுதேன். கல்யாணமாகி இதுவும் முதல் தடவை.

மே 7, திங்கள்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கட்டடம் உறுதியாகத்தான் இருக்கிறது. மகன் வந்து சேர்ந்தான்.

மே 10, வியாழன்

இரண்டு ஸ்பூன் இளநீர்.

மே 11, வெள்ளி

காலை ஆறு இருபதுக்கு ரூபா போய்விட்டாள். பூல்பாண்டி வந்து மூடுபலகைக்கு அளவு கேட்டார். சொன்னேன். இரண்டரை அடிக்கு இரண்டேகால்.

மே 12, சனி

அடக்கம் நாலரை மணிக்கு. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக உள்ளே அடித்தது. பாதிரியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜெபித்தார். நானும்தான். பெட்டி ஒரு தடங்கலும் இல்லாமல் உள்ளே போனது. ஏழடி என்றால் ஏழடி. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கட்டியவன் வேலை தெரிந்தவன்.

மே 21, திங்கள்

நேற்று விழா நடந்தது. பூதங்களுக்குத் தங்க நிறம் அடித்துவிட்டார்கள். சகிக்கவில்லை.

மே 29, செவ்வாய். மெட்ராஸ்

கல்லறைத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். எங்கள் இடத்தை ஒருவர் பெயருக்கு மாற்றி எழுத வேண்டும் என்றேன். குமாஸ்தா இளைஞன், பழைய பைலைத் தேடி எடுத்தான்.

"இது ரெண்டு பேர் இடம் சார். முதல்ல போறவங்களுக்கு ஒன்பது அடி வெட்டிக் கீழ வைப்போம், அடுத்தவங்க மேல. மேடத்த வேற இடத்துல வச்சிட்டீங்களா?"

"அவங்க ஊர்ல. அது பெண்களுக்குக் கட்டின இடம்."

"அப்ப உங்களுக்கு மட்டும்தான். ஒரு ஆளுக்கு அஞ்சடி போதும் சார். ஒன்பது வெட்டினா வீண்."

முப்பத்துநாலு வருஷம் வீண் செலவு கூடாது என்று மற்றவர்களின் எஸ்டிமேட்டில் சிவப்பு மையால் எழுதியவன் நான். "வீண்தான்" என்றேன்.

அவன் ஒன்பதை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினான். இங்கே ஒரு கையெழுத்து சார் என்று ரூபாவின் கையெழுத்துக்குக் கீழே இடம் காட்டினான். போட்டேன்.